நிச்சயத்துக்கு வந்த ஜேடு

சூச்சோ,
1929 ஜூன் 3

மிங்வெய் அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே பிளம் பழுக்கும் காலத்து மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் பூஞ்சை, அரிசிப் பானையில் வண்டு, உங்கள் புத்தக அலமாரியைத் திறந்தால் காளான் வாடை. சமையல்கட்டுக் கூரை மறுபடி ஒழுகுகிறது. போன முறை வந்தபோது பார்க்கிறேன் என்றீர்கள். பார்த்தீர்கள், அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜேடு கல் எங்கே?

புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது, "கயிறு நைஞ்சு போயிருக்கு, பெய்பிங்ல நல்லா முடிச்சுப் போடறவன் ஒருத்தன் இருக்கான், புதுப் பட்டுக்கயிறு மாத்தி அனுப்பறேன்" என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனீர்கள். பனி போய், வசந்தம் போய், கோடையே வந்துவிட்டது. பட்டுப்புழு வளர்த்து நூல் எடுத்துத் திரித்திருந்தால்கூட இந்நேரம் கயிறு வந்திருக்கும்.

அது உங்கள் பொருளும் இல்லை, என் பொருளும் இல்லை. ஃபெங் வீட்டிலிருந்து நம் பெண்ணுக்கு நிச்சயத்துக்கு வந்தது. ஃபெங் அம்மாவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இடுப்பில் தொங்கவிட்டிருந்தது. சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறிப்போன பழைய கல்தான், நான் ஒன்றும் அதன் அழகில் மயங்கிக் கேட்கவில்லை. ஆனால் கல்யாணத்தன்று மிங்வெய் அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மாமியாருக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் நாள் குறிக்க வருகிறார்கள். தட்டில் சிவப்புத் துணி விரித்து அதை முதலில் வைத்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் எதை வைப்பது, உங்கள் தலையையா?

பெண் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து தலையணை உறை பின்னுகிறாள். மாப்பிள்ளை ஷாவ்சி தந்தி ஆபீஸில் வேலை முடிந்ததும் இந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போகிறான், அவன் வீடு எதிர்த்திசையில் இருந்தாலும். இரண்டும் சந்தோஷமாக இருக்கின்றன. கெடுத்துவிடாதீர்கள்.

உடனே அனுப்புங்கள்.

ஹுய்ஜென்


பெய்பிங்,
ஜூன் 13

மிங்வெய் அம்மாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். வெயில் எட்டிப் பார்த்ததும் புத்தகங்களை முற்றத்தில் காயப்போடு, முக்கியமாக மேல்தட்டில் உள்ளவற்றை. கூரை விஷயம் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது பொறுமையாகப் படி. நடுவில் கத்தாதே.

கயிறு ஒரு சாக்குதான். உண்மையைச் சொன்னால் நீ விட்டிருக்கமாட்டாய். ஃபெங் வீட்டார் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஹான் மன்னர்கள் காலத்து வேலை அது, ஹுய்ஜென்! இரண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கும். உடலை வளைத்துத் திரும்பிப் பார்க்கும் டிராகன், உடம்பு முழுக்க முளைவிட்ட தானியம்போல் சுருள் சுருளாக. ஜேடைக் கத்தி வெட்டாது. மணலையும் தண்ணீரையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே அத்தனை சுருளையும் எவனோ எடுத்திருக்கிறான். பிறகு ஏதோ பிரபுவோடு மண்ணுக்குள் போயிருக்கிறது. மண் அதன் சாற்றை உறிஞ்சிவிட்டது. அதனால்தான் கோழி எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. செத்துவிடவில்லை, தாகத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட கல்லை எழுப்ப ஒரே வழி மனிதச் சூடு. குளிர்காலத்திலிருந்து என் நெஞ்சோடு கட்டியிருக்கிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அங்கிக்குள் கை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பதால், வாத்தியாருக்குச் சொறி என்று பையன்கள் முன்வரிசையைக் காலி செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியால் கல் சுடும்வரை தேய்க்கிறேன். ஏப்ரலில் வால் பக்கம் தேன் நிறம் எட்டிப் பார்த்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இப்போது கழுத்தில் இலந்தைச் சிவப்பு ஏறுகிறது. பழம்பொருள் கடைத்தெருவில் காட்டினேன், வாயைப் பிளந்தார்கள்.

இந்த நேரத்தில் அனுப்பு என்கிறாயே, அடுப்பிலிருந்து பாதி வெந்த சோற்றை இறக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆகஸ்டுக்குள் முழுசாக எழுப்பி அனுப்புகிறேன். சம்பந்தியம்மா பார்த்து மூச்சடைத்துப் போகப்போகிறாள்.

யுன்செங்


சூச்சோ,
ஜூன் 22

மிங்வெய் அப்பாவுக்கு,

கத்தாதே என்று எழுதியிருந்தீர்கள். கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள், எலி என்று சொல்லி அனுப்பினேன்.

பிணத்தோடு புதைத்ததை நெஞ்சில் கட்டிக்கொண்டு தூங்குகிறீர்களா? கண்றாவி! நம் கல்யாணத்துக்குப் பிறகு என் கையை அதில் கால்வாசி நேரம் பிடித்திருந்தால் எனக்கும் இலந்தைச் சிவப்பு ஏறியிருக்கும். இரண்டே வருஷம் என்று சொல்லிப் பெய்பிங்குக்குப் போன மனுஷர், இங்கே பெண் வளர்ந்து வாத்தியாரம்மா ஆகிவிட்டாள், நீங்கள் இன்னும் கடைத்தெருவில் கல்லை முகர்ந்துகொண்டிருக்கிறீர்கள். மனைவி தாகத்தில் கிடந்தால் அதற்கு ஒரு வழியும் உங்கள் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது.

மிங்வெயிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். "அம்மா, அவர் திருடிட்டுப் போயிருக்கார். நீ இன்னும் அதுக்கு இரவல்னு பேர் வெச்சிட்டிருக்க" என்றாள்.

பாதி வெந்ததோ, பச்சையோ, எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள். எழுப்பவும் வேண்டாம், தாலாட்டவும் வேண்டாம்.

ஹுய்ஜென்


பெய்பிங்,
ஆகஸ்ட் 6

மிங்வெய் அம்மாவுக்கு,

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் தெற்கே போகிறார், சூச்சோவில் இறங்கி இதை உன் கையிலேயே தருவார். பருத்தியில் பொதிந்து, பட்டில் சுற்றி, தேயிலை டப்பாவில் வைத்திருக்கிறேன். புதுக் கயிறும் கட்டியிருக்கிறேன். நான் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை என்று இப்போதாவது ஒப்புக்கொள்.

எண்ணெய்க் கையோடு தொடாதே. அடுப்படியில் வைக்காதே. வெளிச்சத்தில் பிடித்துப் பார், உள்ளே மேகம் நகர்கிற மாதிரி இருக்கும். அனுப்ப மனமே வரவில்லை, மூன்று முறை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

சம்பந்தியம்மா என்ன சொன்னாள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுது.

யுன்செங்


சூச்சோ,
ஆகஸ்ட் 24

மிங்வெய் அப்பாவுக்கு,

வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைத் திறந்தபோது, நீங்கள் எழுதியதைப் படித்திருந்தும், இது வேறு கல்லோ என்று எனக்கே தோன்றியது. அவ்வளவு மினுக்கு. மிங்வெய் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபெங் அம்மா நேற்று வந்தாள், ஷாவ்சியையும் அவன் மாமாவையும் கூட்டிக்கொண்டு. தாமரைக்கிழங்கு, பலகாரம், நல்ல தேயிலை, எல்லாம் வைத்தேன். தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் அவள் கல்லைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யாருது?" என்றாள்.

"உங்களுதுதாங்க சம்பந்தியம்மா."

"எங்களுது வெளுத்துப்போன கல்லு. இது தேன்ல ஊறவெச்ச இலந்தை மாதிரி இருக்கு. எந்தக் கடையில வாங்கினது?"

"கடையில வாங்கலைங்க. அவர் கொஞ்சம்... சுத்தம் பண்ணியிருக்கார்."

"சுத்தமா? நான் என்ன அழுக்கா குடுத்தேன்?" என்றாள். மாமா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "உங்க வீட்டுக்காரருக்குப் பழைய ஜேடுன்னா பெத்த பொண்ணையே மறந்துடுவார்னு ஊர்ல சொல்றாங்க. நான் நம்பலை. பழசை அங்க வெச்சுக்கிட்டு புதுசை எங்க தட்டுல வெச்சிருக்கீங்களாக்கும்? எங்களைப் பார்த்தா அவ்வளவு மக்குங்க மாதிரியா இருக்கு?"

நான் நீங்கள் செய்ததை எல்லாம் சொன்னேன். நெஞ்சில் கட்டியது, துணியால் தேய்த்தது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பச்சைப் பொய் மாதிரி கேட்டது. ஒரு பெரிய மனுஷர், பள்ளிக்கூட வாத்தியார், மாதக்கணக்கில் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன், உங்களோடு குடும்பம் நடத்தியவள் என்பதால்.

"எங்க கல்லு வரட்டும். அப்புறம் நாள் பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிட்டாள். பலகாரத்தை யாரும் தொடவில்லை. ஷாவ்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளை, அம்மாவை எதிர்த்துப் பேசமாட்டான். வாசலில் மட்டும் ஒருமுறை திரும்பி மிங்வெய் அறைப் பக்கம் பார்த்தான்.

தெருவில் இன்று யாரும் என்னோடு பேசவில்லை. நம் வீட்டுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பெண் சாப்பிடவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஹுய்ஜென்


பெய்பிங்,
செப்டம்பர் 1

மிங்வெய் அம்மாவுக்கு,

இது என்ன அநியாயம்! கையில் இருக்கும் மாணிக்கத்தைப் பார்த்துக் கூழாங்கல் எங்கே என்று கேட்கிறாளே அந்த அம்மாள்! எந்தத் திருடனாவது செம்பை எடுத்துக்கொண்டு பொன்னை வைத்துவிட்டுப் போவானா? நீ அதை அங்கேயே கேட்டிருக்க வேண்டாமா? நீ ஏன் திருடி மாதிரி திணறினாய்?

கவலைப்படாதே, இது ஒன்றுமில்லாத விஷயம். அதே கல்தான் என்று நிரூபித்துவிடலாம். கயிறு கோக்கும் துளை நேராக இல்லை, இடப்பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கும். துளைக்குள் பார்த்தால் திருகாணி மாதிரி வரிகள். டிராகனின் வலது காது நுனி உடைந்திருக்கும், பழைய உடைப்பு. இதையெல்லாம் எந்தக் கடைக்காரனும் போலியாகச் செய்யமாட்டான், செய்யவும் தெரியாது. இங்கே ஒரு கடை முதலாளி தன் முத்திரையைக் குத்தி எழுதித் தரவும் தயாராக இருக்கிறார்.

இதையெல்லாம் அவளிடம் படித்துக் காட்டு. ஒன்றுக்கு நூறு மடங்காகத் திருப்பித் தந்திருக்கிறேன் என்று புரிந்தால் தானாக வந்து நாள் குறிப்பாள். நியாயமாக எனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். மிங்வெயைச் சாப்பிடச் சொல்.

யுன்செங்


சூச்சோ,
செப்டம்பர் 12

மிங்வெய் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, கூச்சத்தை எல்லாம் விட்டு, ஃபெங் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள், அதற்கே எனக்கு அழுகை வந்தது.

துளையைக் காட்டினேன். வரிகளைக் காட்டினேன். காதைக் காட்டினதும் அவள் முகம் மாறியது. "ஆமா. ஷாவ்சி குழந்தையா இருக்கறப்ப கல்படியில போட்டு உடைச்சது" என்றாள். கல்லை ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தாள். "எங்களுதுதான். திருட்டுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூட வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். அவள் கட்டைவிரலை வைத்துக் கல்மேல் தடவிக்கொண்டே இருந்தாள். எதையோ தேடுகிற மாதிரி. திருப்பினாள், மறுபடி தடவினாள்.

"அந்த இடம் எங்க?" என்றாள்.

"எந்த இடங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தாலும் சரி, கவலை வந்தாலும் சரி, இந்தக் கல்லைப் பிடிச்சு டிராகனோட தோளை அமுக்கிக்கிட்டே இருப்பார். விசிறிக் கடை நஷ்டமானப்பவும் அப்படித்தான், படுத்த படுக்கையா கிடந்தப்பவும் அப்படித்தான். கல்லு பூரா வெளுத்துக் கெடக்கும், அந்த ஒரு இடம் மட்டும் பளபளன்னு இருக்கும். அவர் போனதுக்கப்புறம் நான் என் விரலை அங்க வெச்சுப்பேன். கூட இருக்கற மாதிரி இருக்கும். மருமக இடுப்புல தெனமும் பார்க்கலாமேன்னுதான் குடுத்தேன், இல்லன்னா குடுத்திருப்பேனா? இப்ப எல்லா இடமும் பளபளக்குது. இதுல எது அவரு, எது உங்க வீட்டுக்காரரு?"

நீங்கள் இருந்திருந்தால் ஹான் காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பீர்கள். நல்ல வேளை, நீங்கள் இல்லை.

"திருடியிருந்தாக்கூடத் தேவலை. திருப்பி வாங்கியிருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கல்லை என் கையில் வைத்து மூடினாள். "உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா அவ முகத்தைப் பார்க்கறப்பெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். வேண்டாம், விட்டுடலாம்."

விட்டுடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரிகிறதல்லவா? முடிந்துவிட்டது. ஷாவ்சி சைக்கிள் இப்போது இந்தத் தெருவில் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து மிங்வெயிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பின்னி முடித்த தலையணை உறையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, "அதை அப்பாவுக்கே அனுப்பிடும்மா. அதுதானே அவருக்குப் பொண்ணு" என்றாள்.

அனுப்பியிருக்கிறேன். இனி பத்திரமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். எனக்கு எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்தால் மறுபடி கத்துவேன், எலி என்று எத்தனை முறை சொல்வது?

ஹுய்ஜென்


பெய்பிங்,
நவம்பர் 12

ஹுய்ஜென்,

எழுதாதே என்றாய், இத்தனை நாள் எழுதவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவிட்டாலும், இதோடு வரும் டப்பாவையாவது திற.

அந்த இடம் எனக்குத் தெரியும். டிராகனின் இடது தோள், கழுத்து வளைந்து இறங்கும் இடத்தில், ஒரு அவரை விதை அளவுக்கு. முதன்முதலில் கல்லைக் கையில் எடுத்தபோதே பார்த்தேன். எவனோ சோம்பேறி ஓரிடத்தை மட்டும் தேய்த்துவிட்டு விட்டிருக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அது ஏன் அங்கே என்று நான் யோசிக்கவே இல்லை. சுருளைப் பார்த்தேன், துளையைப் பார்த்தேன், அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

புதுக் கல்லைப் பழசாகக் காட்ட ஏமாற்றுக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். கரியில் சுட்டு, கறுத்த புளிப்புப் பிளம் வேகவைத்த தண்ணீரில் போட்டு வெளுக்க வைப்பார்கள். கடைத்தெருவில் அப்படி ஒன்றை யாராவது நீட்டினால் நான் முகர்ந்தே சொல்லிவிடுவேன், என்னைக் கண்டாலே அந்தக் கடைக்காரர்களுக்கு ஆகாது. அந்த வேலையை இந்தக் கல்லுக்கு நானே செய்தேன். முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பிளம் போட்டுக் கொதிக்கவிட்டபோது, நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் குடிக்கிற பானகம் என்று நினைத்துக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இன்றைக்கு வேண்டாம் அம்மா என்று அனுப்பினேன்.

கடைசியாகச் சுட்டபோது வாலில் விரிசல் விட்டது. டக்கென்று ஒரு சத்தம். அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

இலந்தைச் சிவப்பு போய்விட்டது. தேன் நிறமும் போய்விட்டது. வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தோளில் மட்டும் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். மற்ற இடத்தில் கை படாமல் துணி சுற்றிப் பிடித்தேன். அதைத் தேய்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். இப்போது அங்கே பளபளப்பு வந்திருக்கிறது.

சம்பந்தியம்மாவிடம், இனி அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, ஒன்றையும் மறைக்காதே. இது அவள் வீட்டுக்காரர் விரல் இல்லை, என் விரல். பழைய கல் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லாதே. திரும்பி வராது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, இதைத்தான் செய்யத் தெரிந்தது.

எந்தக் கடைக்காரனும் இனி இதை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். நானே பார்த்தால் போலி என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

மிங்வெய்க்குத் தனியாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுதியதோடு சரி, மேலே ஓடவில்லை.

யுன்செங்


சூச்சோ,
நவம்பர் 27

மிங்வெய் அப்பாவுக்கு,

பிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன், பாதியில் வந்து பிரித்துவிட்டேன். உங்களோடு எனக்கு இதே பாடு.

படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? ஐயோ, இந்த மனுஷர் மறுபடியும் அதன்மேல் கை வைத்திருக்கிறாரே என்று தோன்றியது! சும்மா இருக்கவே மாட்டீர்களா? ஒருமுறை கெடுத்தது போதாதென்று, சுட்டு, வேகவைத்து, விரிசல் விட வைத்து. ஃபெங் அம்மாவிடம் எந்த முகத்தோடு கொண்டுபோவது என்று புலம்பிக்கொண்டே போனேன். கால்வாயில் போகிற வழியெல்லாம் உங்களைத் திட்டினேன், படகுக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவள் டப்பாவைத் திறந்தாள். நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். அதற்குள் அவள் கல்லை மூக்கண்டை கொண்டுபோய், "புளிப்பு வாடை அடிக்குதே" என்றாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல் இருந்தது. முழுக் கடிதத்தையும் படித்தேன். சோம்பேறி என்று சிரித்ததைக்கூட விடவில்லை. மறைக்காதே என்றீர்கள், மறைக்கவில்லை.

அவள் கட்டைவிரலை அந்தத் தோளில் வைத்தாள். வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கும் கஷ்டம்தான்.

"இன்னும் கொஞ்சம் மேல இருக்கணும்" என்றாள் கடைசியில்.

எனக்கு வந்த எரிச்சலில், "அவர் பார்த்தது அவ்வளவுதாங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள், சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமாகவே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "உங்க வீட்டுக்காரருக்கு இதைச் சுடறப்ப மனசு வந்துதா?"

"வரலைங்க. எனக்குத் தெரியும். அவருக்கு அதைவிடத் தன் கையைச் சுட்டுக்கிறது சுலபம்."

"ம்" என்றாள். விரிசலைத் தடவினாள். "இப்ப இது எங்க வீட்டுக்காரரோடதும் இல்ல, உங்க வீட்டுக்காரரோடதும் இல்ல. ரெண்டு பேரும் தேய்ச்சு முடிச்சாச்சு. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

நான் கூட்டிவரும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னோடேயே படகேறி நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மிங்வெய் பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் கையோடு வந்து நின்றாள். ஃபெங் அம்மா குனிந்து, தானே அவள் இடுப்பில் கட்டினாள். கட்டிவிட்டு, "இனிமே இது உன்னுது. யார் கேட்டாலும் கையில குடுக்காதே. உங்கப்பா கேட்டாலும் குடுக்காதே, நான் கேட்டாலும் குடுக்காதே" என்றாள்.

மிங்வெய் குனிந்து பார்த்து, "வால்ல என்ன இது, அப்பா உடைச்சதா?" என்றாள்.

"ஆமா. திருப்பி வெளுக்க வைக்கச் சுட்டப்ப விரிஞ்சுபோச்சு" என்றேன்.

"அவரே வேணும்னு சுட்டாரா?"

"ஆமாடி. உனக்காகத்தான்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்த தலையணை உறையை எடுத்து உதறினாள். அவ்வளவுதான் செய்தாள். நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன், கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழேயே நின்று.

பன்னிரண்டாம் மாதம், ஆண்டு முடிவதற்குள் கல்யாணம். எந்த நாள் என்று ஷாவ்சியின் மாமா பார்த்துச் சொல்வார். அப்பா வருவாரா என்று பெண் கேட்டாள். அவளே கேட்டாள், நான் தூண்டவில்லை. கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

வாருங்கள். பள்ளிக்கூடத்தில் லீவு தரமாட்டார்கள், பரீட்சை, அது இது என்று ஒன்றும் எழுதாதீர்கள், எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அங்கே திரும்பிப் போவீர்களா, இங்கேயே இருப்பீர்களா, அது உங்கள் இஷ்டம். இருந்தால் நன்றாக இருக்கும். சொல்லிவிட்டேன், இன்னொரு முறை சொல்லமாட்டேன்.

வெறுங்கையோடு வந்தால் எப்போதும் திட்டுவேன். இந்தத் தடவை தயவுசெய்து கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

ஹுய்ஜென்